கொரிய மேசையில் புதிய விருந்தினர்



தென் கொரியாவின் தலைநகராகிய சியோலுக்குத் தென்மேற்கே அன்சான் என்றொரு தொழில் நகரம் உண்டு. தொழிற்சாலைகள் மலிந்த அந்நகருக்கு இலங்கையிலிருந்து வந்து இரண்டு நாள் மட்டுமே ஆன ஓர் இளைஞனை மனத்தில் எண்ணிக்கொள்க. வேலை முடிந்த மாலைப்பொழுதில், புதிதாக வந்தவனை வரவேற்கும் பொருட்டு, மேற்பார்வையாளரும் உடன் வேலை செய்வோரும் அவனை அருகிலுள்ள உணவுச்சாலைக்கு அழைத்துச் செல்கின்றனர். மேசையின் நடுவிலே கொதிக்கும் குழம்புச் சட்டியொன்று வந்து இறங்குகின்றது. மேற்பார்வையாளர் தமது கரண்டியை அதிலே விட்டு ஒரு வாய் அருந்துகிறார். அடுத்தவரும் தமது கரண்டியை அதே சட்டியில் விடுகிறார். பின்னர் எல்லோரும் அன்போடு இளைஞனைப் பார்க்கின்றனர்.

எச்சில் ஆகாதென்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவன் அவன், திகைத்துப் போகிறான். சட்டியில் மிதப்பது எந்த விலங்கின் இறைச்சி என்பதும் அவனுக்குத் தெரியாது. பசியில்லை என்று சைகை காட்டி, வெறுஞ்சோற்றை இரண்டு வாய் உண்டு, தலை குனிந்து இருக்கிறான். மேசையிலே சிரிப்பொலி குறைகின்றது. வரவேற்க வந்தவர்கள் தாங்கள் செய்த பிழை யாதென்று அறியாது மயங்குகின்றனர். வரவேற்கப்பட்டவனும் தான் செய்த பிழை யாதென்று அறியாது அன்றிரவு உறக்கமின்றிக் கிடக்கிறான். இரு திறத்தாரும் நல்லவர்களே. அவர்களுக்கு இடையே நின்றது ஒரு சட்டிக் குழம்பு மட்டுமே.

இவ்விளைஞன் கற்பனைப் பாத்திரம். ஆயினும் அவன் நிலை பலருக்கும் வரக்கூடியது. வெளிநாட்டுத் தொழிலாளரை ஏற்கும் அனுமதி முறையைத் தென் கொரியா 2004ஆம் ஆண்டில் தொடங்கியது. அவ்வாண்டிலேயே அந்நாட்டுடன் உடன்பாடு செய்துகொண்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்றாகும். அன்று முதல் தொழிற்சாலை, பண்ணை, மீன்பிடி ஆகிய வேலைகளை நாடி இலங்கையர் பலர் அங்கே சென்று வருகின்றனர். செல்லுமுன் கொரிய மொழித் தேர்விலே சித்தியடைகின்றனர். மொழியைக் கற்றுச் செல்லும் ஒருவர் அந்நாட்டு மேசை வழக்கத்தையும் ஓரளவு அறிந்து செல்வாராயின், முதல் வாரத்தின் தனிமை பெரிதும் குறையும். ஆதலின், கொரிய உணவுச்சாலையில் கிடைப்பவை யாவை, அவற்றை உண்ணும் முறை யாது, வேண்டாததைப் பிறர் மனம் நோகாமல் மறுப்பது எங்ஙனம் என்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குதல் பயனுடையதாகும்.

முதலில் சோற்றைப் பற்றி அறிதல் வேண்டும். கொரிய மொழியில் "பாப்" என்றால் சோறு. ஒரு வேளை உணவு முழுவதற்கும் அதுவே பெயர். ஒருவரை ஒருவர் சந்திக்கும்போது, "பாப் மொகொஸ்ஸொயோ?" என்று கேட்பது அங்கே வழக்கம். "சோறு உண்டீரா?" என்பது அதன் பொருள். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பிறந்தவருக்கு இக்கேள்வி புதிதன்று. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பெரும்பாலும் இது நலம் விசாரிக்கும் சொல்லேயாகும். விருந்துக்கு அழைக்கும் சொல்லென்று அதனைக் கொள்ளலாகாது. "உண்டேன், நீங்கள்?" என்று புன்னகையோடு மறுமொழி கூறினாற் போதும்.

சோறு நலம் விசாரிக்கும் சொல்லாகிய ஒரு நாட்டில் பசியின் நினைவும் இருப்பது இயல்பே. முன்னாண்டு விளைந்த நெல் தீர்ந்து, வாற்கோதுமை இன்னும் முற்றாத வசந்த காலத்தைக் கொரிய உழவர் "வாற்கோதுமை மேடு" என்று அழைத்தனர். ஏறிக் கடத்தற்கு அரிய மேடு என்பது கருத்து. 1950 முதல் 1953 வரை நடந்த போர் அந்நாட்டை இன்னும் வறுமைக்கு உள்ளாக்கியது. அமெரிக்கப் படை முகாம்களிலிருந்து வெளிவந்த தகரத்து இறைச்சியையும் கிம்ச்சியையும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பு, "படைக் குழம்பு" என்னும் பொருள்படும் "புதே ஜிகே" என்ற பெயரோடு இன்றும் விரும்பி உண்ணப்படுகின்றது. உய்ஜொங்பு என்னும் நகரம் அதற்குப் பேர்போனது. 1976இல் சியோல் நகர நிருவாகம், அரிசியைச் சிக்கனப்படுத்தும் நோக்கத்தோடு, உணவுச்சாலைச் சோற்றுக் கிண்ணம் 10.5 சென்ரிமீற்றர் விட்டமும் 6 சென்ரிமீற்றர் உயரமும் உடையதாக இருத்தல் வேண்டுமென்று விதித்தது. மூடியோடு கூடிய சிறிய எவர்சில்வர்க் கிண்ணத்தை இன்றும் உணவுச்சாலைதோறும் காணலாம். கிண்ணம் சிறிதாயிருக்கிறதே என்று வியக்கும் புதியவர், அதன் பின்னால் உள்ள இந்த வரலாற்றையும் நினைந்துகொள்வாராக.

இனி மேசையின் அமைப்பைக் காண்போர்க்கு அது ஓரளவு பழகிய காட்சியாகவே தோன்றும். வாழையிலையின் நடுவே சோறும் சுற்றிலும் கறிகளும் வைப்பதுபோல, கொரியரும் சோற்றைத் தலைமையாக வைத்துப் பல துணைக்கறிகளைச் சுற்றிலும் பரப்புவர். உண்பவரின் இடப்புறத்தில் சோற்றுக் கிண்ணமும் வலப்புறத்தில் சூப்புக் கிண்ணமும் இருக்கும்; இவை இரண்டும் அவரவர்க்கு உரியவை. நடுவிலுள்ள சிறு தட்டுகள் யாவர்க்கும் பொது. கீரை, முளை விட்ட பயறு, மீன், முட்டை, கடற்பாசி, கிம்ச்சி முதலிய இத்துணைக்கறிகளைப் "பான்சான்" என்பர். இவற்றுக்குத் தனியாகப் பணம் இல்லை. தீர்ந்துபோனால், "தொ ஜுசெயோ", அஃதாவது "இன்னும் தாருங்கள்" என்று கேட்கலாம். பெரும்பாலான கடைகளில் பணமின்றியே மீண்டும் வரும். சில கடைகளில் உண்பவரே எழுந்து சென்று எடுத்துக்கொள்வதற்கென ஓர் இடம் உண்டு. கேட்டு வாங்கியதை வீணாக்குதல் மட்டும் நன்றன்று.

துணைக்கறிகளுள் தலையாயது கிம்ச்சி. சீனக் கோவாவை உப்பிலிட்டு வாட்டி, மிளகாய்த்தூள், உள்ளி, இஞ்சி, உப்பிலிட்ட மீன் அல்லது இறால் ஆகியவற்றைக் கலந்து பூசிப் புளிக்க வைப்பதே அதன் பொதுவான முறை. முள்ளங்கியிலும் வெள்ளரியிலும் கிம்ச்சி செய்வர். குளிர்காலம் தொடங்குமுன் குடும்பத்தாரும் அயலாரும் ஒன்றுகூடிப் பெருந்தொகையாகக் கிம்ச்சி செய்து பங்கிட்டுக்கொள்ளும் வழக்கத்திற்குக் "கிம்ஜாங்" என்று பெயர். தென் கொரியாவின் இவ்வழக்கத்தை யுனெஸ்கோ நிறுவனம் 2013இல் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது.

கிம்ச்சியின் செந்நிறத்தைக் கண்டு, அது ஆதி முதலே அவ்வாறு இருந்ததென்று எண்ணுவோர் பலர். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயரின் கடல் வாணிகத்தாலே அது ஆசியாவிற் பரவியது. 1614இல் எழுந்த "ஜிபோங் யுசொல்" என்னும் கொரிய நூல் அதனைக் குறிப்பிடுகின்றது. அதற்கு முன் கொரியர் மிளகாய் இல்லாமலே கிம்ச்சி செய்தனர். வெள்ளைக் கிம்ச்சியும் தண்ணீர்க் கிம்ச்சியும் இன்றும் உண்டு. இலங்கைக்கும் மிளகாய் போர்த்துக்கேயர் காலத்திலேயே வந்தது. அன்சான் மேசையில் இலங்கை இளைஞன் உணரும் காரம், அவனுடைய தாயின் சமையலறைக்கும் அந்தக் கொரியச் சமையலறைக்கும் ஒரே வாணிகத்தின் வழியே வந்து சேர்ந்த காரமாகும்.

கொரியச் சமையலின் அடித்தளமாய் நிற்பவை சோயா அவரையைப் புளிக்க வைத்துச் செய்யும் மூன்று பொருள்கள். உப்புச் சுவையுள்ள களியைத் "தொன்ஜாங்" என்றும், நீர்மமான சாற்றைக் "கன்ஜாங்" என்றும், மிளகாய் சேர்ந்த செங்களியைக் "கொச்சுஜாங்" என்றும் வழங்குவர். இவற்றைச் செய்யும் கலையும் 2024இல் யுனெஸ்கோ பட்டியலிற் சேர்ந்தது. தொன்ஜாங்கின் மணம் புதியவருக்குச் சற்றுக் கடுமையாகத் தோன்றலாம். கருவாட்டின் மணத்தை அயல்நாட்டார் எங்ஙனம் கொள்வர் என்பதை நினைந்தால், முகஞ் சுளித்தல் எவ்வளவு தவறென்பது விளங்கும்.

அடுத்து, உண்ணுங் கருவிகள். கரண்டியும் குச்சிகளும் ஒருங்கே தரப்படும். பல கடைகளில் அவை மேசையின் பக்கத்திலுள்ள லாச்சியினுள் இருக்கும். அறியாதவர் நெடுநேரம் தேடிக்கொண்டிருப்பர். சோற்றையும் சூப்பையும் கரண்டியாலும், துணைக்கறிகளைக் குச்சிகளாலும் உண்பது மரபு. கொரியக் குச்சிகள் உலோகத்தாலானவை; தட்டையாகவும் வழுக்குவனவாகவும் இருப்பதால், முதல் நாளில் எவரும் தடுமாறுவர். அதனால் நாணமுற வேண்டியதில்லை. "போக்கு" என்று கேட்டால் முள்ளுக்கரண்டி கிடைக்கும். கரண்டியையும் குச்சிகளையும் ஒரே கையில் ஒன்றாகப் பிடிப்பதில்லை. ஜப்பானியர் போலக் கிண்ணத்தைக் கையிலேந்தி உண்பதும் கொரியாவில் வழக்கமன்று. கிண்ணம் மேசையிலேயே இருத்தல் வேண்டும்.

கரண்டியையோ குச்சிகளையோ சோற்றிலே செங்குத்தாகக் குத்தி நிறுத்துதல் ஒருபோதும் ஆகாது. இறந்த முன்னோர்க்குப் படையல் இடும்போது மட்டுமே சோற்றிற் கரண்டியை அவ்வாறு நிறுத்துவர். உயிரோடிருப்பவர் மேசையில் அதனைக் காண்பது கொரியர்க்கு மனச்சங்கடம் தரும். பொதுத் தட்டிலுள்ள கறியைக் குச்சியாற் கிளறித் தேடுதலும், மேசையிலிருந்து மூக்குச் சிந்துதலும் இழுக்கெனக் கருதப்படும். காரத்தால் மூக்கு ஒழுகினால், எழுந்து அப்பாற் சென்று துடைத்துக்கொண்டு வருதல் நன்று.

இனி, அன்சான் இளைஞனைத் திகைக்க வைத்த பொதுச் சட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரே சட்டியிற் பலர் கரண்டி இடுதல் கொரியர்க்கு நெருக்கத்தின் அடையாளம். குடும்பத்தவர்போல் ஏற்றுக்கொண்டோம் என்பதே அதன் குறிப்பு. ஆயினும் அது மாற்றவொண்ணாத தொல்விதியன்று. 1392 முதல் 1910 வரை நிலவிய ஜொசொன் அரசர் காலத்தில், உயர்குடி இல்லங்களில் ஒவ்வொருவரும் "சொபான்" எனப்படும் சிறு மேசையில் தனித்தனியே உண்டனர். 2020இல் கோவிட் நோய் பரவியபோது, உணவைத் தனித்தனியே பகிர்ந்து எடுத்து உண்ணுமாறு தென் கொரிய அரசாங்கமே மக்களை ஊக்கியது. ஆகவே, எச்சிலைத் தவிர்க்க விரும்புவோர் வெட்கப்படாமல் "அப்ஜொப்ஷி ஜுசெயோ" என்று கேட்கலாம். உண்பவரின் முன்னே வைக்கும் சிறு தட்டுக்கு "அப்ஜொப்ஷி" என்று பெயர். பொது அகப்பையால் அதில் எடுத்து இட்டுக்கொண்டு உண்பவரை எவரும் குறை கூறார். அகப்பையால் முதலில் மூத்தவருக்கு எடுத்து வைத்துப் பின்னர் தமக்கு எடுத்துக்கொள்பவரைக் கண்டு எல்லோரும் மகிழ்வர்.

மூத்தோர்க்கு முதன்மை என்பது கொரிய மேசையின் முதல் ஒழுங்கு. மேசையிலுள்ளோருள் மூத்தவர் கரண்டியை எடுத்த பின்னரே இளையோர் உண்ணத் தொடங்குவர். அவர் உண்டு முடிக்குமுன் எழுந்து செல்லார். உண்ணத் தொடங்கும்போது "ஜல் மொக்கெஸ்ஸும்னிதா" என்று கூறுவர். "நன்றாக உண்பேன்" என்பது அதன் நேர்ப்பொருள். உண்டு முடிந்ததும் "ஜல் மொகொஸ்ஸும்னிதா", அஃதாவது "நன்றாக உண்டேன்" என்பர். சமைத்தவர்க்கும் பணங் கொடுத்தவர்க்கும் உரிய நன்றி இவ்விரு தொடர்களிலும் அடங்கியுள்ளது. கொரிய மொழியிலே வேறு எதுவும் நாவில் வாராத நாளிலும், இவ்விரண்டையும் கூறத் தெரிந்தவர் நல்ல விருந்தினர் என்று பெயர் பெறுவர்.

மூத்தவர்க்கு எதையும் ஒற்றைக் கையாற் கொடுப்பதும் வாங்குவதும் பணிவன்று. இரு கைகளாலும் கொடுப்பர். அன்றேல் வலக்கையாற் கொடுத்து, இடக்கையால் வலக்கை முழங்கையைத் தாங்கிக்கொள்வர். இடக்கையாற் கொடுத்தல் ஆகாதென்று பழகிய தமிழர்க்கு இது எளிதில் வரும்.

தனியாக உணவுச்சாலைக்குச் செல்பவர் அறியவேண்டியவை வேறு சில உண்டு. கொரியாவில் உணவு பரிமாறுவோர் தாமாக வந்து நிற்பதில்லை; அழைத்தாலே வருவர். பல மேசைகளில் அழைப்பு மணிக்கான பொத்தான் ஒன்று இருக்கும். இல்லையெனின் "யொகியோ" என்று சற்று உரக்கக் கூறலாம். "இங்கே" என்பது பொருள். உரத்து அழைத்தல் மரியாதையன்று என்று எண்ணி வாய் மூடி இருப்பவர், அரை மணி நேரமும் அவ்வாறே இருக்க நேரும். பழகிய சிறிய கடைகளிலே பரிமாறும் அம்மையாரை "இமோ" என்று அழைப்பாரும் உளர். தாயின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் சொல் அது. தமிழர் "சின்னம்மா" என்று அழைப்பதற்கு ஒப்பானது. ஊரை விட்டு வந்த இளைஞர்க்கு அச்சொல் ஆறுதல் தருவதாகும். எனினும் முதல் நாளிலேயே அதனைக் கூறாது, சிறிது பழகிய பின்னர்க் கூறுதல் பொருந்தும்.

குடிநீருக்குப் பணமில்லை, "செல்ப்" என்று எழுதியிருந்தால் அவரவரே எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது குறிப்பு. தரையில் அமர்ந்து உண்ணும் கடைகளிலே வாயிலிலேயே பாதணியைக் கழற்றுவர். தரையின் கீழே வெப்பம் ஊட்டும் "ஒந்தோல்" என்னும் முறையினால், பனிக்காலத்திலும் அத்தரை இதமாக இருக்கும். பணத்தைப் பெரும்பாலும் வாயிலருகே உள்ள மேடையிற் கொடுப்பர். இக்காலத்தில் பல கடைகளில், உள்ளே நுழைந்ததும் ஒரு பொறியின் திரையைத் தொட்டு உணவைத் தெரிந்து, அங்கேயே பணஞ் செலுத்தும் முறையும் வந்துவிட்டது. கைவிசேடம் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. மேசையில் விட்டுச்சென்ற பணத்தை, மறந்துபோனதென்று எண்ணி, கடைக்காரர் பின்னால் ஓடிவந்து கொடுத்தாலும் வியப்பில்லை.

எதைக் கேட்டு உண்பது என்பது அடுத்த வினா. தனியாகச் செல்பவர்க்கு ஏற்றது "பிபிம்பாப்". குழைத்த சோறு என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். சோற்றின்மேல் பலவகை மரக்கறிகளும் முட்டையும் கொச்சுஜாங்கும் வைத்திருப்பர். கரண்டியால் நன்றாகக் குழைத்து உண்ணவேண்டும். ஜொன்ஜு என்னும் நகரம் அதற்குப் பெயர் பெற்றது. கிம்ச்சிக் குழம்பு, தொன்ஜாங் குழம்பு, மென்மையான சோயாக் கட்டியாற் செய்த குழம்பு ஆகியவை சோற்றோடு தனித்தனிச் சட்டியில் வரும். கடற்பாசித் தாளிற் சோற்றைச் சுருட்டிய "கிம்பாப்" விலை குறைந்தது. வேலைக்கு ஓடுவோர்க்கு உகந்தது. கோடையின் கொடிய வெப்ப நாள்களிலே, கோழிக்குஞ்சினுள் பசையரிசியும் ஜின்செங் வேரும் உள்ளியும் இட்டு அவித்த "சம்கியேத்தாங்" என்னும் சூப்பை உண்பர். வெப்பத்தை வெப்பத்தால் வெல்லலாம் என்பது அவர்கள் கருத்து.

பலர் கூடுமிடத்திற்கு உரியது மேசையிலே சுட்டு உண்ணும் இறைச்சி. "சம்கியொப்சல்" என்பது பன்றியின் வயிற்றிறைச்சி. "புல்கோகி" பெரும்பாலும் மாட்டிறைச்சி. இத்தகைய உணவை இருவர்க்குக் குறையாமலே பல கடைகள் விற்கும். இடுக்கியாற் புரட்டி, கத்தரிக்கோலால் இறைச்சியை வெட்டுவதைக் கண்டு புதியவர் வியப்பர். வெந்த துண்டைச் சலாது இலையில் வைத்து, உள்ளியும் களியும் சேர்த்து மடித்து, கையால் எடுத்து ஒரே வாயில் உண்பர். கையால் உண்டு பழகியவர்க்குக் கொரிய மேசையில் கிடைக்கும் ஒரு சிறு ஆறுதல் இது.

மாட்டிறைச்சி உண்ணாத சைவர்க்கும், பன்றியிறைச்சி உண்ணாத முஸ்லிம்களுக்கும், மரக்கறி மட்டும் உண்பவர்க்கும் இங்கே கவனம் வேண்டும். இறைச்சி கண்ணுக்குத் தெரியாத இடங்களிலும் இருக்கும். தெளிந்த சூப்பு நெத்தலியில் அல்லது மாட்டெலும்பில் காய்ச்சியதாக இருக்கலாம். சோயாக் கட்டிக் குழம்பில் பன்றியிறைச்சியோ மட்டியோ இருக்கலாம். கிம்பாப்பினுள் பதனிட்ட பன்றியிறைச்சி இருத்தல் வழக்கம். கிம்ச்சியிலேயே மீன் உண்டு. மாட்டிறைச்சியைச் "சோகோகி" என்றும், பன்றியிறைச்சியைத் "துவெஜிகோகி" என்றும், கோழியிறைச்சியைத் "தக்கோகி" என்றும் கூறுவர். "சோகோகி மொன் மொகொயோ" என்றால் "மாட்டிறைச்சி உண்ண இயலாது" என்பது பொருள். "கோகி பே ஜுசெயோ" என்றால் "இறைச்சியை நீக்கித் தாருங்கள்" என்பது பொருள். முழு மரக்கறி உணவை நாடுவோர்க்குப் பௌத்த மடங்களின் சமையல் மரபு துணையாகும். அதில் இறைச்சியும் மீனும் இல்லை, உள்ளியும் வெங்காயமுங்கூட இல்லை. முஸ்லிம்களுக்கு ஏற்ற உணவுச்சாலைகள், சியோலின் இத்தேவொன் பகுதியில், 1976இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலைச் சூழப் பல உள்ளன.

மறுப்பதற்கும் ஒரு காலம் உண்டு. உணவு மேசைக்கு வந்த பின்னர் மறுத்தால், அழைத்தவர் தாம் பிழைசெய்ததாக எண்ணி வருந்துவர். இன்னது உண்பதில்லை என்று முதல் நாளே சொல்லி வைத்தால், பெரும்பாலும் அதற்கேற்ற கடையை அவரே தேடுவர். காரணத்தை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சமயத்தின் பொருட்டு என்று கூறினாற் போதும்.

மதுவைப் பற்றியும் மறைக்காமற் கூறுதல் வேண்டும். வேலைத்தலத்தார் ஒன்றுகூடி உண்ணும் விருந்தை "ஹ்வேஷிக்" என்பர். அங்கே "சோஜு" என்னும் மது பரிமாறப்படும். தமது கிண்ணத்தில் தாமே ஊற்றிக்கொள்ளாமல், ஒருவர்க்கு மற்றவர் ஊற்றுவதே மரபு. மூத்தவர்க்கு ஊற்றும்போது போத்தலை இரு கைகளாலும் பிடிப்பர். அவர் ஊற்றும்போது கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்துவர். அருந்தும்போது முகத்தைச் சற்று அப்பால் திருப்புவர். மது அருந்தாதவர் இவ்வொழுங்கு முழுவதையும் பழச்சாறு அல்லது தண்ணீரைக் கொண்டே நிறைவேற்றலாம். "சுல் மொன் மசியொயோ", அஃதாவது "மது அருந்த இயலாது" என்று பணிவோடு கூறித் தமது கிண்ணத்தில் பழச்சாற்றை ஏற்று, மற்றவர்க்கு முறையோடு ஊற்றிக் கொடுப்பவர் மேசையின் அன்பை இழப்பதில்லை. முற்காலத்தில் வற்புறுத்தல் மிகுதியாக இருந்தது. இக்காலத்தில் அது குறைந்து வருகின்றது. வேலைத்தலத்தில் ஒருவரைத் துன்புறுத்துவதைத் தடைசெய்யும் சட்டம் 2019ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. மதுவை வற்புறுத்தி அருந்தச் செய்தலும் அவ்வகைத் துன்புறுத்தலாகக் கொள்ளப்படலாம். ஆதலால், அஞ்சி அருந்த வேண்டிய கட்டாயம் எவர்க்கும் இல்லை.

விருந்து முடிந்ததும் பணங் கொடுப்பவர் பெரும்பாலும் அழைத்தவர், அன்றேல் மூத்தவர். இளையவர் பணப்பையை எடுத்து வாதாடுவது தேவையில்லை. அடுத்துக் கோப்பி அருந்தச் செல்லும்போது, அச்செலவை இளையவர் ஏற்பது அழகு. நண்பர்களிடையே செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கமும், தனியாகச் சென்று உண்ணும் வழக்கமும் இக்காலத்தில் பெருகி வருகின்றன. பழைய ஒழுங்குகள் பல தளர்ந்துவிட்டன. இளைய தலைமுறையினர் அவற்றைப் பெரிதாக எண்ணுவதில்லை. புதியவர் ஏதேனும் ஒன்றில் தவறினால், சிரித்துப் பொறுத்துக்கொள்வோரே மிகுதி.

ஆயினும், இவ்வொழுங்குகள் அனைத்தையும் ஒருசேர நோக்கினால், அவற்றுக்குள் ஒரே கருத்து ஓடுவதைக் காணலாம். மூத்தவர் தொடங்கும்வரை காத்திருத்தலும், அகப்பையால் அவர்க்கு முதலில் எடுத்து வைத்தலும், தமது கிண்ணம் வெறுமையாயினும் அடுத்தவர் கிண்ணத்தை நோக்கி ஊற்றுதலும், உண்ணுமுன் நன்றி கூறுதலும் ஆகிய யாவும், உண்பவர் தமது உணவை மட்டும் பார்த்திராமல் உடன் இருப்பவரையும் பார்க்கவேண்டும் என்பதையே கற்பிக்கின்றன. இதனை மனத்திற் கொண்டவர், விதிகளுட் பாதியை மறந்தாலும் பெரும்பிழை செய்யார்; உண்ணக்கூடாததை மறுக்கும்போதும் உறவை இழக்கார்.

அன்சான் இளைஞனை இன்னொரு முறை அதே மேசைக்கு அனுப்பிப் பார்க்கலாம். ஒரு மாதம் கழிந்துவிட்டது. மாட்டிறைச்சி உண்பதில்லை என்று முதல் நாளே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டான். ஆகையால் இன்று கிம்ச்சியும் மீனும் இட்ட குழம்பு வந்திருக்கிறது. சட்டி நடுவிலே கொதிக்கின்றது. அவன் சிறு தட்டுகளைக் கேட்டு வாங்கி, அகப்பையை எடுத்து, மேற்பார்வையாளருக்கு முதலிலும், அடுத்தவர்க்குப் பின்னும், கடைசியாகத் தனக்கும் குழம்பு எடுத்து வைக்கிறான். மது வந்தபோது கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்திப் பழச்சாறு பெற்றுக்கொள்கிறான். மேற்பார்வையாளர் கரண்டியை எடுக்கும்வரை பொறுத்திருந்து, "ஜல் மொக்கெஸ்ஸும்னிதா" என்று தட்டுத்தடுமாறிக் கூறுகிறான். உச்சரிப்பு பிழைத்துவிட்டது. மேசையிலுள்ளோர் எல்லோரும் வாய்விட்டுச் சிரிக்கின்றனர். அவனும் உடன் சிரிக்கிறான். பரிமாறும் அம்மையார் அவன் கேளாமலே இன்னொரு தட்டுக் கிம்ச்சியைக் கொண்டுவந்து அவன் முன்னே வைத்துச் செல்கிறார்.